செய்கூலி திரும்பாது: மசில் கார்களின் மறுவிற்பனை மதிப்பு

அமெரிக்காவில் ஒருவர் மஸ்டாங் ஜிடி வாங்குகிறார். சுமார் 8,000 முதல் 10,000 டாலர் வரை போட்டு அதற்கு ஒரு சூப்பர்சார்ஜர் வாங்குகிறார். பொருத்தும் கூலி தனி. கூடவே எக்ஸாஸ்ட், புதுச் சக்கரங்கள், காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள். சில ஆண்டுகள் கழித்து விற்கும்போது எல்லா ரசீதுகளையும் கூட்டி விலையில் ஏற்றிக் கேட்கிறார். பார்க்க வந்தவரோ அதே ரசீதுகளைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்கிறார். பெரும்பாலும் வந்தவர் சொன்னதுதான் நடக்கிறது. பழைய நகையை விற்கப் போனால் தங்கத்துக்கு விலை உண்டு, செய்கூலியும் சேதாரமும் திரும்பாது. இங்கேயும் அந்தக் கணக்குதான்.

இதில் வாங்குபவரின் பிடிவாதம் என்று எதுவும் இல்லை. கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கும் காரில் என்ன எஞ்சின், எவ்வளவு திறன், எந்தப் பாகம் எப்போது தேயும் என்பதை அவர் வீட்டிலிருந்தே படித்துத் தெரிந்துகொள்ளலாம். மாற்றம் செய்த காரில் யார் பொருத்தினார், எப்படிப் பொருத்தினார், அதன் பிறகு எப்படி ஓட்டினார் என்ற மூன்றையும் விற்பவரின் வாய்ச்சொல்லை வைத்தே நம்ப வேண்டும். அடுத்தவரால் எந்த அளவுக்குச் சரிபார்க்க முடிகிறதோ, அந்த அளவுக்குத்தான் பணம் வரும். ஸ்டாக் கார், மாடிஃபை செய்த கார் இரண்டுக்கும் இந்த ஒரு விதி பொருந்தும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்து வருவதே.

முதலில், எந்தக் கார்?

மாற்றங்களைப் பற்றிப் பேசும் முன் காரின் பிறப்பைப் பார்க்க வேண்டும். மஸ்டாங், கமாரோ, சேலஞ்சர் மூன்றிலுமே சாதாரண வி6 அல்லது நான்கு சிலிண்டர் வகைகள் மற்றக் கார்களைப் போலவே ஆண்டுக்கு ஆண்டு விலை இறங்குபவை. அவற்றின் மேல் எவ்வளவு செலவழித்தாலும் வி8 காரின் விலை கிடைக்காது. பட்ஜெட் குறைவு என்று வி6 காரை வாங்கி, அதற்கு ஷெல்பி ஜிடி500 போல முகப்பும் வரிகளும் ஒட்டி விற்க முயல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒப்பனைக்குச் சந்தை தரும் பதில், விலைக் குறைப்பு மட்டுமே.

சாதாரண வி8 கார்கள், அதாவது மஸ்டாங் ஜிடி, கமாரோ எஸ்எஸ், சேலஞ்சர் ஆர்/டி போன்றவை நடுத்தரம். ஓடிய மைல், விபத்து வரலாறு, நிலைமை ஆகியவை இவற்றின் விலையைத் தீர்மானிக்கும். இவற்றில் சேகரிப்பாளர் யாரும் மோதிக்கொள்வதில்லை. அடுத்து வாங்குபவர் தினமும் ஓட்டப்போகிறவர். அவருக்கு ஆண்டு வேறுபாடு முக்கியம். மஸ்டாங்கின் 5.0 லிட்டர் கயோட்டி எஞ்சின் 2011இல் 412 குதிரைத்திறனோடு வந்தது, 2015இல் 435 ஆனது, 2018இல் 460 ஆனது. ஆகவே 2017 காரையும் 2018 காரையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது.

மூன்றாவது வகைதான் விலையைப் பிடித்து வைத்துக்கொள்வது: அந்தக் காரைத் தவிர வேறு எதிலும் கிடைக்காத ஒன்றைத் தன்னிடம் வைத்திருக்கும் கார். ஷெல்பி ஜிடி350 இதற்கு நல்ல உதாரணம். அதன் 5.2 லிட்டர் எஞ்சினுக்குத் தட்டையான கிராங்க்ஷாஃப்ட், 526 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,250 சுழற்சி வரை செல்லும் துணிச்சல், மேனுவல் கியர் மட்டுமே. 2020க்குப் பிறகு அந்தக் கார் இல்லை. 2014, 2015 கமாரோ இசட்/28 இன்னொன்று: 7.0 லிட்டர் எஞ்சின், கார்பன் செராமிக் பிரேக், எடையைக் குறைப்பதற்காக ஏ.சி.யைக்கூட விருப்பத் தேர்வாகத் தள்ளி வைத்த கார். ஏ.சி. இல்லாத காரை ஆகஸ்ட் மாத டெக்சாஸில் யார் வாங்குவார் என்று தோன்றலாம். வாங்குபவர்கள் இருக்கிறார்கள், ஏனென்றால் அப்படி இன்னொன்று கிடைக்காது.

அந்த வகைக்குள்ளும் நுணுக்கம் உண்டு. 2016 ஜிடி350இல் அடிப்படை வகைக்கும் டெக்னாலஜி பேக்கேஜ் வகைக்கும் கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் குளிர்விப்பான்கள் வரவில்லை. பந்தயத் தடத்தில் சூடேறினால் கார் தன் திறனைத் தானே குறைத்துக்கொண்டது. 2017 முதல் அவை எல்லாக் கார்களிலும் வந்தன. இது தெரிந்தவர் 2016 காரைப் பார்க்கும்போது முதலில் எந்தப் பேக்கேஜ் என்று கேட்பார். விற்பவர் அந்தக் கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும்.

மேனுவல் கியரும் ஆட்டோமேட்டிக்கும் கிடைத்த கார்களில் மேனுவலுக்கு ஆர்வலர்கள் கூடுதலாகத் தருகிறார்கள். சேலஞ்சர் ஹெல்கேட்டின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் நேர்க்கோட்டு ஓட்டத்தில் வேகமானது. ஆனால் மேனுவல் ஹெல்கேட் அரிது. நிறத்தில் என் கருத்து இது: வெள்ளை, கறுப்பு, சாம்பல் விரைவாக விற்கும், பிளம் கிரேஸி, கிராபர் புளூ போல அந்தந்தக் கம்பெனியின் பழைய வரலாற்றில் இருந்து வந்த நிறங்கள் மெதுவாக விற்றாலும் நல்ல விலைக்கு விற்கும். கம்பெனி நிறத்தை மறைத்து வேறு நிறம் பூசிய கார் இரண்டிலும் சேராது.

கடைசிக் கார் என்ற ஆசை

சேலஞ்சர், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து பிராம்ப்டன் ஆலையில் 2023 டிசம்பரில் நின்றது. கமாரோவும் அதே மாதம் மிச்சிகனில் நின்றது. இதை நம்பிப் பலர் கடைசி ஆண்டுக் கார்களை வாங்கி, இருக்கை உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு 1978ஆம் ஆண்டு கார்வெட் பேஸ் கார் கதையைச் சொல்ல வேண்டும். இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்துக்கு முன்னோடியாக ஓடிய காரின் பிரதி அது. கம்பெனி 6,502 கார்கள் தயாரித்தது. எதிர்காலச் சொத்து என்ற பேச்சு பரவி, வாங்கியவர்களில் பலர் ஓட்டாமலே பூட்டி வைத்தார்கள். பூட்டி வைத்தவர்கள் அதிகமானதால் குறைந்த மைல் கார்களுக்குப் பஞ்சமே வரவில்லை. எல்லோரும் பத்திரப்படுத்தும் ஒன்று அரிதாவதில்லை.

எண்ணிக்கை உண்மையிலேயே குறைவாக இருந்தால் கதை வேறு. 2018 சேலஞ்சர் டீமன் மொத்தம் 3,300. 2015 மாடல் ஆண்டு ஜிடி350 வெறும் 137. அந்த அளவு எண்ணிக்கையும், முன்பே சொன்ன தனித்தன்மையும் சேர்ந்தால் பூட்டி வைப்பதற்குப் பொருள் உண்டு. வெறும் பெயர்ப்பலகையும் தனி வரியும் ஒட்டிய சிறப்புப் பதிப்புக்கு நான் கூடுதல் பணம் தரமாட்டேன்.

டெர்மினேட்டர் சொல்லும் கதை

மாற்றம் செய்யாத காருக்கு ஏன் அதிக விலை என்பதை விளக்க 2003, 2004 மஸ்டாங் எஸ்விடி கோப்ராவை விடச் சிறந்த கார் இல்லை. ஆர்வலர்கள் அதை டெர்மினேட்டர் என்று அழைக்கிறார்கள். ஃபோர்டு அதன் 4.6 லிட்டர் எஞ்சினுக்கு இரும்பு பிளாக்கும், அடித்து உருவாக்கிய உறுதியான பிஸ்டன்களும் ராடுகளும் கொடுத்து, மேலே ஈட்டன் சூப்பர்சார்ஜரை வைத்தது. அறிவித்த திறன் 390 குதிரைத்திறன். எஞ்சினின் உள்ளுறுப்புகளோ அதை விட மிக அதிகமாகத் தாங்கக் கூடியவை.

இது தெரிந்ததும் என்ன நடக்கும்? சூப்பர்சார்ஜரின் கப்பியைச் சிறியதாக மாற்றினால் அது வேகமாகச் சுழன்று அதிகக் காற்றைத் தள்ளும். ஒரு கப்பி, ஒரு ட்யூன், ஒரு எக்ஸாஸ்ட். சில நூறு டாலரில் தொடங்கும் வேலை, காரோ வேறு காராகிவிடும். வாங்கியவர்களில் பெரும் பகுதியினர் அதைச் செய்தார்கள். பிறகு பெரிய சூப்பர்சார்ஜர், பிறகு டிராக் ரேஸ், பிறகு உடைந்த கியர்பாக்ஸ். இரண்டு ஆண்டுகளில் சுமார் 19,000 கார்கள் தயாரானாலும், கை வைக்காத கார் இன்று தேடிப் பிடிக்க வேண்டிய பொருள். ஏலத்தில் இரண்டு டெர்மினேட்டர் ஒன்றாக வந்தால், 500க்கு மேல் குதிரைத்திறன் உள்ள காரை விட 390 மட்டுமே உள்ள, கம்பெனிக் கப்பியோடு இருக்கும் கார் உயர்ந்த விலைக்குப் போவதைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

எல்லோரும் மாற்றியதால் மாறாதது அரிதானது. எது எளிதாக, மலிவாக மாற்றப்படுகிறதோ அந்தக் காரின் ஸ்டாக் வடிவமே பிற்காலத்தில் விலை பெறும். ஹெல்கேட்டும் 2018க்குப் பிந்தைய மஸ்டாங் ஜிடியும் இன்று அதே பாதையில் போகின்றன. பெரியவர்களின் சேகரிப்பில் இருக்கும் 1960களின் கார்களில் எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். இந்தத் தலைமுறைக் காரில் எஞ்சினோடு கம்ப்யூட்டர் நிரலையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எந்த மாற்றம் எவ்வளவு கெடுக்கும்?

ஒரே கேள்வி போதும்: இதைத் திருப்ப முடியுமா? சக்கரம், ஸ்பிரிங், எக்ஸாஸ்டின் பின்பகுதி, கியர் தண்டு, காற்று வடிகட்டிப் பெட்டி ஆகியவை ஒரு சனி, ஞாயிறில் கழன்று வந்துவிடும். கம்பெனிப் பாகங்கள் கையில் இருந்தால் இவற்றால் சேதமே இல்லை. கையில் இல்லாவிட்டால்தான் சிக்கல். ஜிடி350ஆர் காரின் கார்பன் ஃபைபர் சக்கரங்களை விற்றுவிட்டவர், காரை விற்கும் நாளில் அந்தச் சக்கரங்களின் விலையை விட அதிகமாக இழப்பார். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் எந்த ஆணி எதற்கு என்று எழுதிய சீட்டோடு கட்டி வையுங்கள். கராஜில் அவை அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு வாடகை கொடுத்தால்கூடத் தகும்.

நடுவில் இருப்பது ட்யூன். எஞ்சின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றுவதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆனால் தடம் இருக்கும். நிரலுக்கு ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. வாரண்டி கேட்டு வரும் காரில் அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஜெனரல் மோட்டார்ஸ் தன் டீலர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. விற்பதற்கு முன் பழைய நிரலைத் திரும்ப ஏற்றிவிட்டால் தெரியாது என்று நினைப்பது சரியல்ல: எத்தனை முறை கார் கிளம்பியது, எப்போது நினைவகம் அழிந்தது என்பதற்கான கணக்குகளும் உள்ளே இருக்கின்றன.

இங்கே வாரண்டி பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும். 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டத்தின்படி, வெளியார் பாகம் பொருத்தியிருப்பது ஒன்றையே காரணமாக்கி உற்பத்தியாளர் முழு வாரண்டியையும் மறுக்க முடியாது. அந்தப் பாகமே பழுதுக்குக் காரணம் என்றால் மறுக்கலாம். ஆகவே பெரிய எக்ஸாஸ்ட் வைத்த காரின் கதவுக் கண்ணாடி மோட்டார் கெட்டால் உரிமை உண்டு. ட்யூன் செய்த எஞ்சினில் பிஸ்டன் உடைந்தால் வாதாடி ஜெயிப்பது கடினம். மஸ்டாங், கமாரோ, சேலஞ்சர் கார்களின் கம்பெனிகள் மூன்றும் எஞ்சின், கியர்பாக்ஸ் தொகுதிக்குப் பொதுவாக 5 ஆண்டு அல்லது 60,000 மைல் வாரண்டி தருகின்றன. மூன்று வயதுக் காரை விற்கும்போது மிச்சமுள்ள இரண்டு ஆண்டுக்கும் விலை உண்டு. எந்த டீலரிடமும் காரின் எண்ணைக் கொடுத்து, வாரண்டி முழுதாக இருக்கிறதா, கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்கலாம். விற்பவர் அந்தப் பதிலை முன்கூட்டியே வாங்கி விளம்பரத்தோடு சேர்த்துவிட்டால் பாதிப் பேரம் முடிந்துவிடும்.

திருப்ப முடியாத மாற்றங்கள் கடைசியில் வருகின்றன. கேம்ஷாஃப்ட் மாற்றுவது எஞ்சினைத் திறக்கும் வேலை. நின்றிருக்கும்போதே தடதடக்கும் அந்த ஓசையை விரும்பும் கூட்டம் சிறியது. அவர்களும் யார் அந்த எஞ்சினைத் திறந்தது என்று கேட்பார்கள். ஃபெண்டரை வெட்டி அகலப்படுத்துவது, பானட்டில் ஓட்டை போடுவது, பின் இருக்கையை எடுத்துவிட்டுத் தரையில் துளையிட்டு ரோல் கேஜ் பொருத்துவது, மின்கம்பிகளை அறுத்து ஒட்டுவது எல்லாம் இந்த வகை. வாங்குபவர் இவற்றைப் பார்த்ததும் காரின் மீதிப் பகுதியையும் சந்தேகிப்பார்.

கலிபோர்னியா என்னும் தனிக் கணக்கு

மாற்றம் செய்த காருக்கு விலை மட்டும் குறைந்தால் போதாது என்பதுபோல், சில மாநிலங்களில் விற்கவே முடியாத நிலையும் வரும். கூட்டரசின் தூய காற்றுச் சட்டம் புகைக்கட்டுப்பாட்டு அமைப்பைக் கழற்றுவதை நாடு முழுவதும் தடை செய்கிறது. கலிபோர்னியா அதை நடைமுறையில் கடுமையாகப் பார்க்கிறது. அங்கே தனியாருக்குள் விற்பனை நடந்தால், நான்கு மாடல் ஆண்டுகளைத் தாண்டிய பெட்ரோல் காருக்குப் புகைச் சோதனைச் சான்றை விற்பவர்தான் கொடுக்க வேண்டும். 2021 ஜூலை 19 முதல் அந்தச் சோதனையில் கம்ப்யூட்டர் நிரலும் பார்க்கப்படுகிறது. அங்கீகாரம் இல்லாத ட்யூன் இருந்தால் கார் தோற்கும்.

இதற்கு ஒரு வழி உண்டு. மாநிலக் காற்று வள வாரியம் சோதித்து ஏற்ற பாகங்களுக்கு ஒரு நிர்வாக ஆணை எண் கொடுக்கிறது. பாகத்தோடு வரும் சிறிய ஒட்டுச்சீட்டில் அந்த எண் இருக்கும், அதை எஞ்சின் அறையில் ஒட்டி வைக்க வேண்டும். ரௌஷ், விப்பிள் போன்றோரின் பல சூப்பர்சார்ஜர் தொகுப்புகள் அந்த எண்ணோடு வருகின்றன. முதல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே நீக்கிவிடும் நீண்ட ஹெடர்களுக்கு அந்த எண் கிடைக்காது. ஒரே விலையில் இரண்டு தொகுப்பு இருந்தால் எண் உள்ளதை வாங்குங்கள், நீங்கள் புகைச் சோதனையே இல்லாத மாநிலத்தில் இருந்தாலும். அடுத்து வாங்குபவர் எந்த மாநிலத்தவர் என்பது உங்களுக்கு இப்போது தெரியாது, நாடு முழுவதும் வாங்க ஆள் இருக்கும் காருக்குத்தான் போட்டி இருக்கும்.

மாற்றம் செய்தும் விலை பெறும் கார்கள்

ஜிடி350, ஜிடி500 கார்கள் மிச்சிகனில் ஃபோர்டின் ஆலையிலேயே தயாரானவை. சூப்பர் ஸ்னேக் என்பது வேறு: லாஸ் வேகாஸில் உள்ள ஷெல்பி அமெரிக்கன் நிறுவனம் மஸ்டாங்கை எடுத்து மாற்றி, சிஎஸ்எம் எண் என்ற வரிசை எண் கொடுத்துத் தன் பதிவேட்டில் எழுதி வைக்கும் கார். ரௌஷ் ஸ்டேஜ் 3 கார்களும் எண்ணிட்ட தகடோடு வருகின்றன. இவற்றில் இருக்கும் பாகங்களை ஒருவர் தன் கராஜிலும் பொருத்தலாம், திறனும் ஒன்றாக இருக்கலாம். ஆனாலும் கராஜில் செய்த காருக்கு அந்த விலை வராது. செய்தவர் யார், என்ன செய்தார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பதே வித்தியாசம்.

இதை உங்கள் காருக்கும் ஓரளவு பயன்படுத்தலாம். ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸ் தன் சூப்பர்சார்ஜர் தொகுப்பு சிலவற்றுக்கு, ஃபோர்டு டீலரோ தகுதிச் சான்று பெற்ற மெக்கானிக்கோ பொருத்தினால் வாரண்டி தருகிறது. கூலி கூடுதலாகும். ஆனால் அந்த ரசீது அடுத்தவரிடம் காட்டக்கூடிய சாட்சி. நண்பரின் கராஜில் பீட்சாவுக்குச் செய்து வாங்கிய வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சாட்சி இல்லாதது. எத்தனை குதிரைத்திறன் என்று டைனோ அறிக்கை காட்டுவதும் நல்லது, ஆனால் அது சக்கரத்தில் அளந்த திறன் என்பதையும், கம்பெனி சொல்வது எஞ்சினில் அளந்தது என்பதையும் கலக்காமல் எழுதுங்கள். சக்கரத்துக்கு வந்து சேரும் முன் கணிசமான பகுதி கியர்பாக்ஸிலும் அச்சிலும் குறைந்துவிடும்.

சாவி, பெட்டி, காகிதம்

சின்னப் பொருட்கள் பெரிய விலையை இழுக்கும் இடம் இது. ஹெல்கேட்டுக்கு இரண்டு நிறச் சாவிகள்: சிவப்புச் சாவிக்கு முழு 707 குதிரைத்திறன், கறுப்புச் சாவிக்கு 500 மட்டும். சிவப்பு ஒன்றும் இல்லாமல் விற்பனைக்கு வரும் காரைப் பார்த்தால் முந்தைய கைமாற்றத்தில் ஏதோ சரியில்லை என்று நினைக்க வேண்டும். 2012, 2013 மஸ்டாங் பாஸ் 302க்கும் பந்தயத் தடத்துக்கான தனிச் சிவப்புச் சாவி உண்டு. டீமனுக்கு ஒரு டாலர் விலையில் ஒரு பெட்டி கொடுத்தார்கள்: டிராக் ரேஸுக்கான குறுகிய முன்சக்கரங்கள், ஜாக்கி, கருவிகள், உயர் ஆக்டேன் எரிபொருளுக்கான கம்ப்யூட்டர் எல்லாம் அதில். சாதாரண பெட்ரோலில் 808 ஆக இருக்கும் திறன் 840 ஆவது அந்தக் கம்ப்யூட்டரால்தான். ஒரு டாலர் பெட்டி இல்லாத டீமன், பெட்டி உள்ள டீமனை விடப் பல ஆயிரம் டாலர் குறைவாகப் போவதில் வியப்பில்லை.

புதுக் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைப்பட்டியலை மாண்ரோனி சீட்டு என்பார்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த ஓக்லஹோமா செனட்டர் மைக் மாண்ரோனியின் பெயர் அது. கம்பெனியில் பொருத்திய ஒவ்வொரு விருப்பத் தேர்வும் அதில் விலையோடு இருக்கும். வாங்கிய அன்றே பத்திரப்படுத்துங்கள். சீட்டு தொலைந்த ஃபோர்டு கார்களுக்கு மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸ் தயாரிப்புப் பதிவுகளில் இருந்து அறிக்கை தருகிறது, செலவு சொற்பம். ஆயில் மாற்றிய ரசீது, டயர் ரசீது, டீலர் சர்வீஸ் சீட்டு எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். பதினேழு எழுத்துள்ள வாகன அடையாள எண்ணில் எட்டாவது எழுத்து எஞ்சினைச் சொல்லும், பத்தாவது மாடல் ஆண்டைச் சொல்லும். வி8 என்று சொல்லப்படும் கார் உண்மையில் என்ன என்பதை நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இலவச இணையக் கருவியில் பார்த்துவிடலாம்.

ஹெல்கேட் வாங்குபவர் இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். சேலஞ்சரின் சகோதரக் காரான சார்ஜரில், 2020 முதல் 2022 வரையிலான ஹெல்கேட்டின் திருட்டுக் கோரிக்கைகள் சராசரிக் காரை விட 60 மடங்குக்கும் மேல் என்று காப்பீட்டு ஆய்வு நிறுவனமான ஹெச்எல்டிஐ 2023இல் கணக்கிட்டது. திருடிய காருக்கு வேறு காரின் எண்ணை ஒட்டி விற்பதும் நடக்கிறது. டாஷ்போர்டு எண், கதவுச் சட்டத்து ஒட்டுச்சீட்டு, கம்ப்யூட்டரில் பதிந்த எண் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். காப்பீட்டுக் குற்றத் தடுப்புப் பணியகத்தின் வின்செக் சேவை இலவசம். இந்தத் திருட்டுகளால் காப்பீட்டுக் கட்டணம் எகிறியிருப்பதும் விலையில் பிரதிபலிக்கிறது: மாதத் தவணையைச் சமாளிக்க முடிந்த இளைஞர், காப்பீட்டு மதிப்பீட்டைக் கேட்டதும் விலகிவிடுகிறார்.

டைட்டில் எனப்படும் உரிமைப் பத்திரத்தில் சால்வேஜ், ரீபில்ட் என்ற முத்திரை விழுந்த காருக்கு எவ்வளவு நல்ல பழுது பார்த்திருந்தாலும் விலை ஆழமாக விழும். புயலுக்குப் பிறகு வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் வேறு மாநிலத்துக்குப் போய்ச் சுத்தமான காகிதத்தோடு திரும்புவது உண்டு. இருக்கை பெல்ட்டை முழுதாக இழுத்து மண் கறை இருக்கிறதா பாருங்கள்.

எங்கே விற்பது

டீலரிடம் மாற்றிக் கொடுப்பது எளிது, மாடிஃபை செய்த காருக்கு மிக மோசமானதும் அதுதான். டீலர் பார்க்கும் மொத்தவிலை அட்டவணையில் சூப்பர்சார்ஜருக்கு இடம் இல்லை. அவர் அந்தக் காரைத் தன் வாசலில் நிறுத்த விரும்பாமல் ஏலத்துக்கு அனுப்பப்போகிறார், அந்த ஆபத்தையும் உங்கள் விலையில் கழிப்பார். ஸ்டாக் காருக்கு மட்டும் டீலர் வழி சில சமயம் பொருந்தும், வரிக் கணக்கால். டெக்சாஸில் பழைய காரின் மதிப்பைக் கழித்த பிறகே 6.25 சதவீத விற்பனை வரி. 40,000 டாலர் காரைக் கொடுத்தால் 2,500 டாலர் வரி மிச்சம். கலிபோர்னியாவில் அந்தச் சலுகை கிடையாது.

அரிய காருக்கு ஏலம். ப்ரிங் எ டிரெய்லர், கார்ஸ் அண்ட் பிட்ஸ் ஆகிய இணைய ஏலங்களில் காரின் அடிப்பகுதி வரை படம் கேட்பார்கள், படித்தவர்கள் பகிரங்கமாகக் கேள்வி கேட்பார்கள். காகிதம் சரியாக உள்ளவருக்கு அந்தக் கேள்விகளே விளம்பரம். ஜனவரியில் ஸ்காட்ஸ்டேலில் நடக்கும் பேரட்-ஜாக்சன் ஏலத்தில் பெரும்பாலான கார்கள் ரிசர்வ் விலை இல்லாமல் போகின்றன, துணிவு வேண்டும். சாதாரண ஜிடிக்கும் எஸ்எஸ்ஸுக்கும் தனியார் விற்பனையே நல்லது. வடக்கு மாநிலங்களில் உப்புத் தூவும் குளிர்காலம் முடிந்து மார்ச், ஏப்ரலில் விளம்பரம் செய்யுங்கள்.

மாடிஃபை செய்த காரை விற்பவருக்கு என் உறுதியான பரிந்துரை: திருப்பக்கூடிய எல்லாவற்றையும் திருப்பி, காரைத் தனியாகவும் பாகங்களைத் தனியாகவும் விற்கவும். நல்ல சூப்பர்சார்ஜர் தொகுப்புக்குப் பழைய பாகச் சந்தையில் தேவை இருக்கிறது. காரோடு சேர்த்தால் வராத பணம் தனியாக வரும். திருப்பினேன் என்பதை மறைக்க வேண்டாம். எத்தனை மைல் அந்த ட்யூனில் ஓடியது என்பதை எழுதிக் கொடுங்கள். பழைய ஆயிலின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, உலோகத் துகள் அளவைக் காட்டும் அறிக்கையையும் சேருங்கள். இண்டியானாவில் உள்ள பிளாக்ஸ்டோன் ஆய்வகம் இதற்குப் பெயர் பெற்றது. வாங்குபவராக இருந்தால் அந்த அறிக்கையைக் கேளுங்கள், காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகிச் சுயசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் நினைவகத்தை அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள்.

ட்யூனோடு காரை விற்க நேர்ந்தால், நிரலை ஏற்றப் பயன்பட்ட கைக்கருவியும் காரோடு போக வேண்டும். பலவகைக் கருவிகள் ஒரு காரோடு பிணைந்துவிடும். கம்பெனி நிரலின் நகல் அதில்தான் இருக்கும், அது இல்லாமல் அடுத்தவர் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரத் தனியாகச் செலவழிக்க வேண்டியிருக்கும். கருவியின் வரிசை எண், ட்யூன் எழுதியவர் விவரம், எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதப்பட்டது என்ற மூன்றையும் விற்பனைச் சீட்டிலேயே குறித்து, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பெயர் மாற்ற அறிவிப்பை மோட்டார் வாகனத் துறைக்கு உடனே அனுப்பிவிடுங்கள். கலிபோர்னியாவில் அதற்கு ஐந்து நாள் அவகாசம்.